பசியில்லாத மீனுக்குத் தூண்டில்

அமெரிக்காவின் ஒரெகன், வாஷிங்டன் மாநிலங்களில் ஜனவரி மாதக் குளிரில் இடுப்பளவு ஆற்றுநீரில் நின்று நாள் முழுக்கத் தூண்டில் வீசுகிறவர்கள் உண்டு. அவர்கள் தேடி வந்த மீனோ ஆற்றுக்குள் நுழைந்த நாளிலிருந்து ஏறக்குறைய எதையும் தின்பதில்லை. கடலிலிருந்து மேலேறிச் சில வாரங்கள் கழிந்த சால்மனின் வயிற்றைக் கீறிப் பார்த்தால், இரைப்பை வெறுமையாய்ச் சுருங்கிக் கிடக்கும். குடலும் வற்றியிருக்கும். அந்த இடத்தையெல்லாம் சினையும் விந்துப்பையும் எடுத்துக்கொண்டிருக்கும். மீனின் பசியை நம்பித்தான் மனிதன் தூண்டிலைக் கண்டுபிடித்தான். பசியே அடங்கிப்போன மீன் அதை ஏன் கடிக்க வேண்டும்? சால்மன் எங்கே நிற்கும், எதற்கு வாய் திறக்கும், பிடித்துத் திரும்ப விட்டால் பிழைக்குமா என்று அந்த ஆற்றங்கரைகளில் காலங்காலமாக நடக்கும் பேச்செல்லாம் இந்தப் பட்டினியைச் சுற்றித்தான் நடக்கிறது.

கடலில் சில ஆண்டுகள் கூனியையும் சிறுமீன்களையும் கணவாயையும் தின்று உடம்பில் ஏற்றிய கொழுப்புதான் சால்மனுக்குக் கட்டுச்சோறு. வழியில் அவிழ்த்துத் தின்னலாம், நிரப்பிக்கொள்ள முடியாது. ஐடஹோ மாநிலத்து ரெட்ஃபிஷ் ஏரிக்குப் போகும் சாக்கை சால்மன் கொலம்பியா, ஸ்னேக், சால்மன் என்று மூன்று ஆறுகள் வழியே சுமார் 1,450 கிலோமீட்டர் எதிர்நீச்சல் அடித்து, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. இடையில் 8 அணைகள். 1992இல் அந்த ஏரிக்கு ஒரே ஒரு ஆண் மீன்தான் வந்து சேர்ந்தது. ‘லோன்சம் லாரி’ என்று பெயர் வைத்து அதை ஊரே கொண்டாடியது. கொழுப்பு தீர்ந்தால் தசையையே கரைத்து எரித்து நீந்துகிறது இந்த மீன். சதைக்குச் செம்மை தந்த நிறமிகூடத் தோலுக்கும் முட்டைக்கும் இடம்பெயர்ந்துவிடும். மேலாற்றில் பிடிபடும் சால்மன் வெளியே சிவந்தும் உள்ளே வெளுத்தும் இருப்பது இதனால்தான். சமைத்துத் தின்ன நினைப்பவர்கள் கடல்வாய்க்கு அருகிலேயே, வெள்ளி மாறாத மீனைத் தேடுவதற்கும் வேறு காரணம் இல்லை.

வட அமெரிக்கக் கரையின் பசிபிக் சால்மனில் ஐந்து வகை: சினூக், கோஹோ, சாக்கை, சம், பிங்க். ஐந்தும் ஒருமுறை முட்டையிட்டுச் செத்துப்போகும். அவற்றின் நெருங்கிய உறவான ஸ்டீல்ஹெட் மட்டும் சற்று வேறு மாதிரி. முட்டையிட்ட பின் பிழைத்துக் கடலுக்குத் திரும்பி, மறுபடி ஆறேறும் வாய்ப்பு அதற்கு உண்டு. எல்லா மீனுக்கும் அது கிடைப்பதில்லை. ஸ்டீல்ஹெட் தனி இனமும் அல்ல. ஆற்றிலேயே தங்கிவிட்டால் ரெயின்போ டிரவுட், கடலுக்குப் போய்ப் பெருத்து வந்தால் ஸ்டீல்ஹெட். ஒரே தாயின் குஞ்சுகளில் சில இப்படியும் சில அப்படியும் ஆகக்கூடும். நீலகிரியில் அவலாஞ்சி குஞ்சுபொரிப்பகத்திலும் மேல்பவானி ஓடைகளிலும் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட் இதே இனம்தான். கடலுக்குப் போக வழியில்லாததால் அது டிரவுட்டாகவே வாழ்ந்துகொண்டிருக்கிறது.

ஆற்றில் சால்மன் பிடிப்பது என்றதும் தூண்டில் கழியை நினைத்துக்கொள்வது நேற்றைய பழக்கம். கொலம்பியா ஆற்றின் செலிலோ அருவியில் யாகமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சால்மன் பிடித்தார்கள். பாறையிலிருந்து நீட்டிய மரப்பரண்களில் நின்று, நீண்ட காம்பு கட்டிய கைவலையை நுரைக்குள் இறக்கி, ஏறி வரும் மீனை அள்ளினார்கள். ஆறு எங்கே ஒடுங்குகிறது, மீன் எந்தப் பக்கம் ஏறும் என்பது தெரிந்தால் போதும். மீனுக்குப் பசி இருக்கிறதா என்ற கேள்விக்கே அங்கு வேலையில்லை. 1957 மார்ச் 10ஆம் தேதி, அருவிக்குக் கீழே கட்டிய டாலஸ் அணையின் மதகுகளை இறக்கினார்கள். சில மணி நேரத்தில் அருவி நீருக்கடியில் போய்விட்டது. என்னைக் கேட்டால், சால்மன் பிடிப்பில் மனிதன் எட்டிய உச்சம் அந்தப் பரண்கள்தான். கழியும் நரம்பும் அதற்குப் பின்புதான். ஆனால் அறிவியலுக்குச் சுவையான புதிரைக் கொடுத்தது தூண்டில். மீன் தானாக வாய் திறந்தாலொழிய அது வேலை செய்யாது.

முதல் கேள்வி, மீன் எங்கே நிற்கும் என்பது. சேமிப்பைக் கரைத்து வாழும் உயிர் வீண் செலவு செய்யாது. ஆற்றின் நீர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேற்பரப்பில் விரைவாகவும் அடியில் கற்களோடு உரசி மெதுவாகவும் ஓடுகிறது. தலைக்கு மேல் நீர் பாய்ந்துகொண்டிருக்க, தரையோடு ஒட்டிக் கிடக்கும் மீனுக்குப் பாதி வேகம்கூட எதிர்ப்படாது. பெரிய கல்லின் பின்னால் நீர் மந்தமாக இருக்கும் என்பது யாரும் ஊகிக்கக்கூடியது. கல்லின் முன்னாலும் நீர் மோதித் தயங்கும் ஒரு சிறு மெத்தை உண்டு, மீன் அங்கும் நிற்கும் என்பது பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

இதில் ஓர் ஆய்வு நினைவில் நிற்கக்கூடியது. ஜேம்ஸ் லியாவோவும் ஜார்ஜ் லாடரும் உடன் ஆய்வாளர்களும் ரெயின்போ டிரவுட்டை ஓடும் நீர்த்தொட்டியில் விட்டு, எதிரே ஓர் உருளையை நிறுத்தினார்கள். உருளையைத் தாண்டி வரும் நீர் இடமும் வலமும் மாறி மாறிச் சுழிகளாக உதிர்ந்தது. மீன் அந்தச் சுழிகளுக்கு ஏற்ப உடம்பை வளைத்து, அவற்றின் இடையே நெளிந்து நின்றது. தசைகளில் மின்முனை செருகிப் பார்த்தபோது, தலையை ஒட்டிய சில தசைகள் மட்டுமே இயங்கின. மற்ற உடம்பு சும்மா இருந்தது. 2003இல் இது வெளியானது. மூன்று ஆண்டு கழித்து வந்த ஆய்வில், செத்த டிரவுட் ஒன்றையே அந்தச் சுழிகளில் விட்டார்கள். அதன் உடலைச் சுழிகளே வளைத்து, நீரோட்டத்துக்கு எதிராகச் சற்று முன்னே நகர்த்தின. ஆற்றின் ஆற்றலைத் திருடி ஆற்றிலேயே ஏறும் உடல்வாகு அது.

‘ஆற்றைப் படிப்பது’ என்று அங்குள்ளவர்கள் சொல்வது இந்தச் சிக்கனத்தைப் படிப்பதுதான். கூழாங்கற்கள் மேல் சலசலத்து இறங்கும் ஆழமற்ற நீரை மூச்சுப்பிடித்து ஏறி முடித்த மீன், அதற்கு மேலே உள்ள மடுவின் வால்பகுதியில் நின்று இளைப்பாறும். வேகநீரும் மந்தநீரும் உரசிக்கொள்ளும் கோட்டில் நிற்கும். ஸ்டீல்ஹெட் என்றால் ஆளுயரத்துக்குக் குறைந்த ஆழமும், மனிதன் நிதானமாக நடக்கும் வேகமும் உள்ள நீரைத் தேடு என்பார்கள். மழை பெய்து ஆறு ஏறும்போது மீன் நகரும். வெள்ளம் வடிந்து நீர் பச்சை கலந்து தெளியும்போது நிற்கும். வீச வேண்டிய நேரம் அதுதான். அதனாலேயே அங்கே தூண்டில்காரர்கள் காலையில் எழுந்ததும் ஆற்றின் நீர்மட்ட அளவீட்டைப் பார்க்கிறார்கள்.

குளிர்ந்த ரத்தமுள்ள மீனுக்கு வெப்பநிலைதான் கடிகாரம். நீர் 10 முதல் 13 பாகை செல்சியஸ் இருந்தால் ஸ்டீல்ஹெட் தூண்டிலைத் துரத்திக்கொண்டு வரும். 4 பாகைக்குக் கீழே போனால் மூக்குக்கு முன்னால் ஊர்ந்து போவதைத்தான் திரும்பிப் பார்க்கும். ஜனவரியில் தூண்டிலை ஆற்றடியோடு மெதுவாக நகர்த்துவதும், செப்டம்பரில் மேற்பரப்பில் கோடு கிழித்து ஓடவிடுவதும் இதை ஒட்டித்தான்.

இனி அடுத்த கேள்வி. பக்கத்தில் வந்ததைப் பசியில்லாத மீன் ஏன் கடிக்கிறது?

தூண்டில்காரர்கள் சொல்லும் காரணங்கள் பல: கோபம், எல்லைக் காவல், ஆர்வம், பழைய நினைவு. விலங்கின் மனத்தை இப்படிப் பெயரிட்டுப் பேசுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் பழைய நினைவு என்பதில் சரக்கு இருக்கிறது. ஸ்டீல்ஹெட் குஞ்சு கடலுக்குப் போகும் முன் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆற்றில் வளர்கிறது. கல்லிடுக்கில் நின்று, மிதந்து வரும் பூச்சியை எட்டிக் கவ்வி, பழைய இடத்துக்கே திரும்புவதுதான் அதன் பிள்ளைப்பருவம் முழுவதும். கோஹோவும் ஓராண்டுக்கு மேல் ஓடையில் இருக்கிறது. சாக்கையோ பெரும்பாலும் ஏரியில் வளர்ந்து, நுண்ணிய மிதவை உயிர்களைச் செவுள் முட்களால் வடித்துத் தின்று பழகியது. கடலிலும் அதற்குப் பெரும்பாலும் அதே உணவு. ஆற்றில் எந்த இரைக்கும் எளிதில் வாய் திறக்காத சால்மன் எது என்றால் சாக்கைதான்.

கனடாவின் ஃபிரேசர் ஆற்றில் சாக்கை பிடிப்பவர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். ஈயக்குண்டு அடித்தரையில் உருள, நீளமான நரம்பு ஆற்றின் குறுக்கே விறைப்பாக நகரும்படி வீசுவார்கள். மீன்கள் மூச்சுக்காக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கூட்டமாக ஏறும். நரம்பு மீன் ஒன்றின் வாய்க்குள் நுழைந்து இழுபட, கடைசியில் முள் வாயின் வெளிப்பக்கத்தில் தைக்கும். மீன் கடித்ததாகக் கணக்கு. உண்மையில் அது கடிக்கவே இல்லை. வாய் தவிர வேறு இடத்தில் முள் தைத்த மீனை விட்டுவிட வேண்டும் என்ற சட்டத்துக்கு இது தப்பிவிடுகிறது. இதைத் தூண்டில் என்று சொல்லலாமா என்று கரையில் சண்டை நடக்கிறது. என் பார்வையில் இது நரம்பால் செய்த வலை. அப்படி ஒப்புக்கொண்டு செய்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளைப்பருவ விளக்கத்துக்கு அடங்காத மீனும் இருக்கிறது. பிங்க் சால்மன் குஞ்சு சரளைக்கல்லிலிருந்து வெளிவந்த உடனே கடலுக்கு இறங்கிவிடும். ஆற்றில் பூச்சி பிடித்து வளர்ந்த காலமே அதற்கு இல்லை. ஆனாலும் திரும்பி வரும்போது ஆற்றின் கீழ்ப்பகுதியில் பளிச்சென்ற செயற்கை இரையை நன்றாகவே கடிக்கிறது. சினூக்கைப் பிடிக்கச் சிறந்த இரை சால்மன் முட்டையே. வெங்காரமும் சாயமும் சேர்த்துப் பதப்படுத்திய சினைக்கட்டியை முள்ளில் வைத்து மிதக்க விடுவார்கள். அதை அது விழுங்கப் பார்க்கிறதா, போட்டிக்காரியின் முட்டையை நசுக்கப் பார்க்கிறதா என்று வாதம் ஓய்ந்தபாடில்லை. ஒரே காரணம் எல்லா இனத்துக்கும் பொருந்த வேண்டியதும் இல்லை.

இவ்விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் சாட்சி ஆய்வகத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஒரெகனில் நார்த் அம்ப்குவா ஆற்றில் வந்து சேரும் ஸ்டீம்போட் ஓடையில் பிக் பெண்ட் என்ற மடு இருக்கிறது. பக்கத்து ஓடையின் குளிர்நீர் கலப்பதால் கோடையில் நூற்றுக்கணக்கான ஸ்டீல்ஹெட் அங்கே கூடி, மழைக்காலம் வரை காத்துக்கிடக்கும். ஓடையில் 1932 முதலே மீன்பிடிக்கத் தடை. ஆனால் கண்ணுக்கு நேரே இத்தனை மீன் நின்றால் திருடர்கள் சும்மா இருப்பார்களா? வெடி வைத்தும் அள்ளியிருக்கிறார்கள். 1999 முதல் 2017 வரை லீ ஸ்பென்சர் என்பவர் தன் நாயோடு அந்த மடுவின் கரையில் ஆண்டுதோறும் மாதக்கணக்கில் குடியிருந்து காவல் காத்தார். காவலுக்கு வந்தவர் கண்ணில் பட்டதையெல்லாம் குறிப்பெடுத்தார். பட்டினி கிடப்பதாகச் சொல்லப்படும் மீன்கள், மிதந்து வரும் இலையையும் பூச்சியையும் பார்க்க மேலெழுந்து வருவதும், சில நேரம் வாயில் வாங்கிப் பார்ப்பதும் அவர் குறிப்புகளில் வருகின்றன. கையில்லாத உயிருக்கு வாய்தான் கை. தொட்டுப் பார்க்கவும் அதுதான், சுவைத்துத் தள்ளவும் அதுதான். பசியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் மீன் வாய் திறப்பதில் வியப்பதற்கு அதிகம் இல்லை என்று அப்போது தோன்றுகிறது.

நார்த் அம்ப்குவாவில் பூச்சித் தூண்டில் வீசுகிறவர்கள் செய்வது இதற்குப் பொருத்தமானது. இறகும் உரோமமும் கட்டிய முள்ளை ஆற்றுக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசுவார்கள். நரம்பை நீரோட்டம் வளைத்து இழுக்க, பூச்சி வில்லாக வளைந்து கரைப்பக்கம் வந்து சேரும். பிறகு ஓர் எட்டு கீழே இறங்கி மறுபடி ஒரு வீச்சு. மடு முழுவதையும் இப்படி வரிவரியாக உழுது முடிப்பார்கள். பத்து மீன் பேசாமல் விட்டதைப் பதினோராவது மீன் திரும்பிப் பார்க்கலாம். ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்பது ஸ்டீல்ஹெட்டைப் பற்றி அங்கே பழகிய பேச்சு.

பசி அடங்கினாலும் மூக்கு அடங்குவதில்லை. பிறந்த ஓடையின் மணத்தை வைத்துத்தான் சால்மன் வீடு திரும்புகிறது. 1950களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் வாஷிங்டனின் இஸக்வா ஓடையில் கோஹோக்களைப் பிடித்து, பாதிக்கு மூக்கை அடைத்து, கிளை பிரியும் இடத்துக்குக் கீழே விட்டார்கள். மூக்கு திறந்தவை பெரும்பாலும் தம் கிளைக்கே போயின. அடைத்தவை வழி தெரியாமல் இரண்டிலும் போயின. அதே காலத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவில், மீன் ஏணிக்கு மேலே நீரில் ஒரு மனிதர் கையை அலம்பியதும் கீழே ஏறிக்கொண்டிருந்த சால்மன்கள் நின்றுவிட்டதைப் பதிவு செய்தார்கள். கரடித்தோல் ஊறிய நீருக்கும் அதே விளைவு. பாலூட்டிகளின் தோலில் உள்ள செரின் என்ற அமினோ அமிலம்தான் காரணம் என்று 1956இல் தெரிந்தது. சினைக்கட்டியைக் கையுறை போட்டுக் கையாள்வதும், சோம்பு எண்ணெய் தடவுவதும் வெறும் சடங்கு என்று தள்ளிவிட முடியாது.

பிடிபட்ட பின் என்ன ஆகிறது என்பதில்தான் பட்டினிக்கணக்கு உறுத்துகிறது. தூண்டிலோடு போராடும் மீன் தசையில் இருந்த கிளைகோஜனைச் சில நிமிடங்களில் எரித்துத் தீர்த்து, லாக்டிக் அமிலத்தில் மூழ்குகிறது. தின்று ஈடுகட்ட வழியில்லை. 1992இல் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் ரெயின்போ டிரவுட்டைக் களைக்கும் வரை விரட்டிப் பார்த்தார்கள். களைத்தவற்றில் 12 மணி நேரம் கழித்து 88 சதவீதம் உயிரோடு இருந்தன. களைத்த பின் 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 62 சதவீதம். 60 விநாடி வைத்தவற்றில் 28 சதவீதம். அது ஆய்வகத்தில், ரத்தக் குழாயில் ஊசி செருகிய மீன்களில் செய்தது. குளிர்ந்த ஆற்றில் ஸ்டீல்ஹெட்டைப் பின்தொடர்ந்த பிற்கால ஆய்வுகளில் இவ்வளவு சாவு இல்லை. இருந்தும் செய்தி ஒன்றுதான்: புகைப்படத்துக்காகத் தூக்கிப் பிடிக்கும் நேரமே மீனை அதிகம் வதைக்கிறது. விட வேண்டிய மீனை முழுதாக நீரிலிருந்து எடுக்கவே கூடாது என்று வாஷிங்டன் சட்டம் சொல்கிறது.

வெப்பம் இதை இன்னும் மோசமாக்கும். 0 பாகையில் ஒரு லிட்டர் நீரில் 14.6 மில்லிகிராம் உயிர்வாயு கரையும். 20 பாகையில் 9.1தான். மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும் நேரத்தில் நீரில் அது குறைந்துவிடும். 2015 கோடையில் கொலம்பியா ஆறு சூடேறி, ஏறி வந்த சாக்கைகளில் சுமார் இரண்டரை லட்சம் வழியிலேயே செத்தன. வெப்பம் மிகுந்த நாட்களில் ஒரெகனில் பல ஆறுகளைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் மூடிவிடுகிறார்கள்.

எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்பதை முதுகில் வாலுக்கு அருகே உள்ள சிறு கொழுப்புத்துடுப்பு சொல்லிவிடும். குஞ்சுபொரிப்பகத்தில் வளர்த்து விடும் மீனுக்கு அதை நறுக்கிவிடுவார்கள். துடுப்பு இருந்தால் காட்டு மீன், விட்டுவிட வேண்டும் என்பது பல ஆறுகளில் விதி. காட்டு மீன் குறைந்தால் இன்னும் வளர்த்து விடலாமே என்று தோன்றும். ஒரெகனின் ஹுட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் குடும்பங்களை மரபணு வழியே தொடர்ந்து, 2007இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் குலைத்தது. வளர்ப்பில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் தானாக இனம்பெருக்கும் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது.

நார்த் அம்ப்குவாவில் 2020இல் காட்டுத்தீ கரையோரக் காட்டை எரித்தது. அடுத்த ஆண்டு வெப்பமும் வறட்சியும். 1946இல் வின்செஸ்டர் அணையில் எண்ணத் தொடங்கியதிலிருந்து கோடை ஸ்டீல்ஹெட் அவ்வளவு குறைவாக வந்ததில்லை. 2021 ஆகஸ்டில் ஆற்றையே தூண்டிலுக்கு மூடினார்கள். கோடை மீனை இழப்பதில் தனி ஆபத்து உண்டு. குளிர்கால ஸ்டீல்ஹெட் முதிர்ந்த சினையோடு வந்து சில வாரங்களில் முட்டையிட்டுவிடும். கோடை மீனோ முதிராமல் நுழைந்து, மாதக்கணக்கில் பட்டினியாய் மடுவில் காத்திருக்கும். இந்த வேறுபாடு பல ஆறுகளிலும் ஒரே மரபணுப் பகுதியைச் சார்ந்தது என்று 2017இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் காட்டினார்கள். கோடை மீனின் மரபணு வடிவம் ஓர் ஆற்றில் அழிந்தால், குளிர்கால மீனிலிருந்து அதை மீட்டெடுப்பது எளிதல்ல.

எல்வா ஆற்றில் அது அழியாமல் பிழைத்திருந்தது, அதுவும் எதிர்பாராத இடத்தில். வாஷிங்டனில் 1913 முதல் இந்த ஆற்றை அணை அடைத்திருந்தது. மேலே சிக்கிய ஸ்டீல்ஹெட்டின் வாரிசுகள் நூறாண்டு ரெயின்போ டிரவுட்டாக வாழ்ந்தன. 2011இல் தொடங்கி 2014க்குள் ஆற்றிலிருந்த இரண்டு அணைகளையும் இடித்தபின், அறவே போய்விட்டதாக நினைத்த கோடை ஸ்டீல்ஹெட் ஆற்றில் திரும்பத் தென்பட்டது. மேலே இருந்த டிரவுட்களின் உடம்பில் அந்த மரபணு வடிவம் தங்கியிருந்தது. 2023 அக்டோபரில் கீழ் எல்வா கிளாலம் பழங்குடி மக்கள் தங்கள் ஆற்றில் கோஹோவுக்கு மட்டும், அளவாக, மீண்டும் மீன்பிடித்தார்கள். மற்றத் தூண்டில்காரர்களுக்கு எல்வாவை அப்போதும் திறக்கவில்லை.